பெயர் போடாத வேலை

பி.ஆர். தொழிலின் முதல் கிளையன்ட்டே காசு கொடுப்பதை நிறுத்திக்கொண்டவர்தான். 1900-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மூன்று பேர் சேர்ந்து 'பப்ளிசிட்டி பீரோ' என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். பிறருக்காகப் பத்திரிகைகளில் செய்தி வரவைப்பதையே தொழிலாகக் கொண்ட முதல் கடை அது. முதலில் வந்து சேர்ந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகம். மாதம் 200 டாலர் என்று பேச்சு. ஓரிரு வருடங்களில் ஹார்வர்டு பணம் தர மறுத்துவிட்டது. பீரோவோ வேலையை விடவில்லை. ஹார்வர்டு எங்கள் கிளையன்ட் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக ஓசியிலேயே தொடர்ந்தது.

நான் சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஏஜென்சியில் பிரஸ் நோட் எழுதுகிறவளாகச் சேர்ந்து, பிறகு மேசையின் அந்தப் பக்கத்துக்குப் போய், ஏஜென்சிகளை அமர்த்தும் கம்பெனி ஒன்றில் ஓய்வு பெற்றவள். பெருமைக்கு வைத்திருக்கும் கிளையன்ட் எங்கள் ஏஜென்சியிலும் உண்டு. அவர்கள் லோகோ எங்கள் பிரசென்டேஷனின் முதல் பக்கத்தில் இருக்கும்; அவர்களுடைய காசோலைதான் எங்கும் இருக்காது.

இரண்டு பக்கமும் உட்கார்ந்ததில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது. எங்கள் லீகல் டிபார்ட்மென்டே புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் பக்கங்களையும் நான் படிப்பேன். இந்த ஷரத்து இங்கே ஏன் வந்து உட்கார்ந்தது என்று தேடப் போனால், அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விசாரணைக் கமிஷனோ, ஒரு வழக்கோ, ஒரு மானக்கேடோ நிற்கும். பணம் எப்படி, எத்தனை காலம், எதைச் செய்வது, எதை வெளியே சொல்லக்கூடாது என்பதெல்லாம் நூறு வருடத்தில் ஒருவழியாகப் படிந்துவிட்டன. படியாத ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது: செய்கிற வேலை யார் பெயரில் வெளியே போகும்?

பப்ளிசிட்டி பீரோவுக்கே அதில்தான் அடி விழுந்தது. ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்த அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சட்டம் கொண்டுவரப் போனபோது, ரயில்வே கம்பெனிகள் பீரோவைப் பிடித்தன. பீரோ ஊர் ஊராகப் பத்திரிகைகளைக் கண்காணித்தது. எந்த ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்வார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று அட்டைகளில் குறித்து அடுக்கி, அந்த அடுக்குக்கு 'பாரோமீட்டர்' என்று பெயர் வைத்தது. செய்திகள் வந்தன. அவற்றுக்கு ரயில்வே காசு கொடுத்தது என்பது மட்டும் எங்கும் வரவில்லை. 1906-இல் ரே ஸ்டானர்ட் பேக்கர் என்ற பத்திரிகையாளர் மெக்லூர்ஸ் இதழில் முழுவதையும் எழுதிப் போட்டார். சட்டமும் அந்த ஆண்டே நிறைவேறியது. நான் ஏஜென்சியில் சேர்ந்தபோது என் கையில் முதலில் கொடுத்த சாமான், நிருபர்களின் பெயர், பீட், பிறந்தநாள் எழுதிய நோட்டு. பாரோமீட்டரின் பேத்தி என்று பின்னால்தான் தெரிந்தது.

அதே 1906-இல் ஐவி லீ என்கிற முன்னாள் நிருபர், நிலக்கரி முதலாளிகளுக்காக வேலை செய்யும்போது, பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். இது ரகசிய அலுவலகமல்ல, வேலையெல்லாம் வெளிப்படையாக நடக்கும், இது விளம்பரப் பக்கத்தில் வரவேண்டியது என்று தோன்றினால் போடாதீர்கள், சரிபார்க்க வேண்டுமானால் உதவுகிறோம் என்பது அதன் சாரம். இன்றைக்கும் மாஸ் கம்யூனிகேஷன் வகுப்புகளில் இதைத்தான் தொழிலின் தர்ம சாசனமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எட்டு வருடம் கழித்து அதே லீ என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஒப்பந்தங்களில் தவறாமல் இருக்கும் ஒரு ஷரத்தின் பிறப்பு அங்கேதான் என்பது என் எண்ணம்.

1914 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலம், லட்லோ. ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பிடியிலிருந்த சுரங்கக் கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள், குடும்பத்தோடு கூடாரம் போட்டு இருந்தார்கள். மாநிலப் படையினர் சுட்டார்கள், கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் செத்தார்கள். நாடே கொதித்தது. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் ஐவி லீயை அமர்த்தினார். சம்பளம் மாதம் 1,000 டாலர். லீ அப்போது பென்சில்வேனியா ரயில்வேயில் வேலையில் இருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்து அவர் எழுதிய துண்டறிக்கைகள், கொலராடோ சுரங்க முதலாளிகள் குழுவின் பெயரில் நாடு முழுக்கப் போயின. தொழிற்சங்கத் தலைவர்கள் ஒரு வருடத்தில் வாங்கிய சம்பளத்தை ஒன்பது வாரத்தில் வாங்கியதாக ஓர் அறிக்கை சொன்னது. இன்னும் பல பொய்கள்.

மறு வருடம் தொழில் உறவுகளுக்கான அரசுக் கமிஷன் லீயைக் கூப்பிட்டு விசாரித்தது. இந்த விவரங்களைச் சரிபார்த்தீர்களா என்ற கேள்விக்கு லீயிடம் இருந்த பதில் இவ்வளவுதான்: முதலாளிகள் கொடுத்தார்கள், நான் எழுதினேன், நானாக எதையும் சோதிக்கவில்லை. பத்திரிகைகளை எல்லாம் சரிபார்த்துக்கொள்ளச் சொன்ன மனிதர் அவர்.

இப்போது உங்கள் கையிலிருக்கும் எந்த ஏஜென்சி ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். கிளையன்ட் தரும் தகவலின் உண்மைத்தன்மைக்குக் கிளையன்ட்டே பொறுப்பு, அதனால் வரும் எந்த நஷ்டத்திலிருந்தும் ஏஜென்சியைக் கிளையன்ட் காக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். லீ கமிஷன் முன்னால் வாய்தடுமாறிச் சொன்னது இப்போது வக்கீல் பாஷையில் கம்பீரமாக நிற்கிறது. ஏஜென்சிப் பக்கம் இருந்தபோது இந்தப் பத்தி எனக்குக் கவசம். கம்பெனிப் பக்கம் போனதும், அதன் கீழே நான் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன்: சந்தேகம் வந்தால் கேட்பது ஏஜென்சியின் கடமை. முக்கால்வாசிப் பேர் அதை அடித்துத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

பணத்துக்கு வருகிறேன். மாதாமாதம் ரீடெய்னர் என்பது வக்கீல்களைப் பார்த்துக் கற்றது. அமெரிக்க பி.ஆர். முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ் தன்னை 'ஆலோசகர்' என்று சொல்லிக்கொண்டு, வக்கீல் மாதிரி வருடாந்தரக் கட்டணம் வாங்கினார். வேலை நடக்கிற மாதமும் நடக்காத மாதமும் ஒரே தொகை. இது எந்தக் கம்பெனி முதலாளிக்கும் வயிற்றெரிச்சல்தான். "போன மாசம் என்னம்மா வந்துச்சு?" என்று எங்கள் முதலாளி கேட்பார். அதற்காக மாதக் கடைசியில் கிளிப்பிங் வெட்டி, ஏ-4 தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து எத்தனை காலம் சென்டிமீட்டர் என்று அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் என்ன ரேட் ஆகும் என்று பெருக்கி, செய்திக்கு நம்பகம் அதிகம் என்று அதை இன்னும் மூன்றால் பெருக்கி ஒரு தொகை காட்டுவோம். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு நிபுணர்கள், விளம்பர ரேட்டில் பி.ஆர். வேலையின் மதிப்பை அளக்க முடியாது என்று கொள்கையாகவே அறிவித்தார்கள். அதன் பிறகும் அந்தப் பெருக்கல் கணக்கோடு டாக்கெட்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

'காரியம் நடந்தால் காசு' என்று பேசினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் கதை 1920-இல் அட்லாண்டாவில் நடந்தது. வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளான் அப்போது சில ஆயிரம் பேரோடு, கடனோடு திண்டாடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் வில்லியம் சிம்மன்ஸ், 'சதர்ன் பப்ளிசிட்டி அசோசியேஷன்' என்ற ஏஜென்சி நடத்திய எட்வர்ட் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இருவரோடு ஜூன் மாதம் ஒப்பந்தம் போட்டார். ரீடெய்னர் கிடையாது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் கட்டும் 10 டாலரில் 8 டாலர் ஏஜென்சிக்கு. அந்த எட்டில் ஆள் சேர்த்தவனுக்கு 4, அவனுக்கு மேலே மாநிலத்துக்காரனுக்கு 1, அதற்கும் மேலே வட்டாரத்துக்காரனுக்கு அரை டாலர், கிளார்க்குக்கும் டைலருக்கும் இரண்டரை. பாக்கி 2 டாலர் சிம்மன்ஸுக்கு.

ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பேசியாகிவிட்டது. இனி எந்த ஊரில் யார்மேல் வெறுப்பு இருக்கிறதோ அதைக் கிளப்புவதுதான் வியாபாரம். ஓர் ஊரில் கறுப்பர், இன்னோர் ஊரில் கத்தோலிக்கர், வேறோர் ஊரில் யூதர், வந்தேறி. ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே ஒரு லட்சத்தை ஒட்டி ஆள் சேர்ந்தார்கள். நியூயார்க் வேர்ல்டு பத்திரிகை தொடர் எழுதி அம்பலப்படுத்தியது. 1921 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்தப் பரபரப்பிலேயே இன்னும் ஆள் சேர்ந்தது. இவ்வளவு துல்லியமாக 'பலனோடு' கட்டணத்தை முடிச்சுப் போட்ட ஒப்பந்தத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. வெளிநாட்டு அரசு, கட்சி, நிறுவனம் எதற்காகவும் அமெரிக்காவில் அரசியல் வேலை செய்கிறவர்கள், காரியம் ஜெயித்தால்தான் காசு என்று ஒப்பந்தம் போடக்கூடாது என 1966-இல் சட்டமே வந்தது. உள்நாட்டுக் கிளையன்ட்டுக்கு அந்தத் தடை இல்லை என்பதால், 'சக்சஸ் ஃபீ' இன்றும் பல ஒப்பந்தங்களில் ஒரு மூலையில் உயிரோடிருக்கிறது.

போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யாதே என்ற ஷரத்தின் கதை வேடிக்கையானது. லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். அவரிடம் பெர்னேஸ் வேலைக்கு இருந்தார். சம்பளம் வருடத்துக்கு 25,000 டாலர். 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்து நடந்தது பெண் விடுதலைச் செய்தியாகப் பத்திரிகைகளில் வந்ததே, அதை ஏற்பாடு செய்தது அவர்தான். சிகரெட் கம்பெனியின் பெயர் மூச்சு விடப்படவில்லை. அதே ஹில்லிடம் அதே சமயத்தில் ஐவி லீயும் சம்பளத்துக்கு இருந்தார் என்பது பெர்னேஸுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ஏன் இரண்டு பேர் என்று கேட்டால், ஹில்லின் கணக்கு எளிது: இரண்டு பேரும் என்னிடம் இருந்தால் என் போட்டிக்காரன் யாரைப் பிடிப்பான்?

நம் ஊரில் இந்த ஷரத்துக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதம், ஒரு வருடம் போட்டிக்காரரிடம் போகக்கூடாது என்று எழுதுவார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவில், பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடக்கும் காலத்துக்கு மட்டும்தான் அந்தக் கட்டு நிற்கும். அந்தக் காலத்துக்குள்ளும் வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே உரிமையாளர் இரண்டு கம்பெனி வைத்துக்கொள்வது. நீரா ராடியாவின் வைஷ்ணவி நிறுவனம் டாடா குழுமத்துக்கு வேலை செய்தது. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸுக்காக நியூகாம் என்று தனிக் கம்பெனி இருந்தது. 2010-இல் அவருடைய தொலைபேசி ஒலிப்பதிவுகள் வெளியாகி நாடே கேட்டபோது, மற்றவர்கள் அமைச்சர் பதவிப் பேச்சைக் கேட்டார்கள். என் போன்றவர்கள், இரண்டு தனித்தனி ஒப்பந்தங்களுக்குப் பின்னால் ஒரே தொலைபேசி இருந்ததைக் கேட்டோம்.

பெயர் விஷயத்தில் சட்டம் முதன்முதலாகக் கறாராகக் குறுக்கிட்டது ஹிட்லரால்தான். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், ஜெர்மன் ரசாயனப் பெருங்கம்பெனியான ஐ.ஜி. ஃபார்பன், ஐவி லீயை வருடம் 25,000 டாலருக்கு அமர்த்தியது. கார்ல் பைர் என்பவரின் ஏஜென்சி, ஜெர்மன் சுற்றுலா அலுவலகத்தோடு மாதம் 6,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத் தாளில் 'சுற்றுலா' என்றுதான் இருந்தது. 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இருவர் வேலையையும் தோண்டியது. லீ, நான் ஒரு கம்பெனிக்குத்தான் ஆலோசனை சொன்னேன் என்றார். அந்த ஆலோசனை ஜெர்மன் அரசுக்குப் போவது தெரியும் என்பதையும் மறுக்க முடியவில்லை. அந்த நவம்பரிலேயே, மூளைக் கட்டியால், 57 வயதில் இறந்துபோனார்.

அந்த விசாரணையின் பலன் 1938-இல் வந்த வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம். வெளிநாட்டு அரசுக்காகவோ கட்சிக்காகவோ அமெரிக்காவில் பிரசாரம் செய்தால் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். என்ன வாங்கினாய், எங்கே செலவழித்தாய் என்று கணக்குக் காட்ட வேண்டும். வெளியிடும் தாளில் யாருக்காக என்று போட வேண்டும். பி.ஆர். ஒப்பந்தம் இரண்டு பேருக்குள்ளான கைச்சீட்டு என்றிருந்த நிலை மாறி, பார்த்துப் படிக்கும் மூன்றாவது ஆளுக்கும் அதில் உரிமை உண்டு என்று ஒரு நாடு சொன்னது இதுதான் முதல் முறை. இன்று அந்த ஒப்பந்தங்களை அமெரிக்க நீதித்துறையின் வலைத்தளத்தில் யாரும் திறந்து படிக்கலாம். கட்டணம், காலம், கையெழுத்து எல்லாம் இருக்கும்.

தமிழர்கள் அதைப் படிக்கக் காரணம் இருக்கிறது. 2009-இல் போர் முடிந்த பிறகு இலங்கை அரசு தன் பெயரைக் கழுவ வெளிநாட்டு ஏஜென்சிகளைத் தேடியது. லண்டனில் பெல் பாட்டிங்கர் என்ற ஏஜென்சி அதற்கு வேலை செய்தது. மகிந்த ராஜபக்ஷ ஐ.நா.வில் வாசித்த உரையை எழுதியது நாங்கள்தான் என்று அந்த ஏஜென்சிக்காரர்கள் பெருமையடித்ததை, கிளையன்ட் வேடத்தில் போன புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் ரகசியமாகப் பதிவு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். லண்டனில் அப்போது பதிவுச் சட்டம் எதுவும் இல்லாததால், ஒளித்துவைத்த கேமராதான் சட்டத்தின் வேலையைச் செய்தது.

2014-இல் அமெரிக்காவில் நடந்தது அதைவிட விசித்திரம். தமிழர்களை நடத்திய விதத்தால் கெட்டுப்போன பெயரைச் சரிசெய்ய இமாத் ஜுபேரி என்ற கலிஃபோர்னியத் தொழிலதிபரை இலங்கை அமர்த்தியது. ஆறு மாதத்துக்கு 85 லட்சம் டாலர் என்று பேச்சு. லாபியிங், வழக்குச் செலவு, ஊடக விளம்பரம் எல்லாம் இதிலிருந்து செய்வேன் என்பது வாக்குறுதி. முதல் தவணை 35 லட்சம் வந்த சில நாட்களில், 16 லட்சத்தைத் தன் பங்குச்சந்தைக் கணக்குக்கு மாற்றினார்; இன்னும் 15 லட்சத்துக்கு வீடு, மனை வாங்கினார். மொத்தம் வந்த 65 லட்சத்தில் 56 லட்சத்துக்கு மேல் அவருக்கும் அவர் மனைவிக்கும் போனது. பி.ஆர். கம்பெனிகள், வக்கீல்கள், லாபியிஸ்டுகள் எல்லோருக்குமாகச் சேர்ந்து கிடைத்தது எட்டரை லட்சத்துக்கும் குறைவு. இலங்கையிலிருந்து போதிய பணம் வரவில்லை என்று பொய் சொல்லிச் சிலருக்குப் பாக்கியும் வைத்தார். பதிவுச் சட்டத்தின் கீழ் பொய்யான ஆவணம் தாக்கல் செய்த குற்றத்தை 2019-இல் ஒப்புக்கொண்டார்; வேறு குற்றங்களும் சேர்ந்து 2021-இல் பன்னிரண்டு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஒப்பந்தம் படிக்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் தெரிவது மூன்று ஓட்டைகள். முன்பணம் அதிகம், வேலை ஆரம்பிக்கும் முன்பே கொடுத்தது. ஏஜென்சியின் கட்டணத்தையும் வெளியே செலவழிக்க வேண்டிய பணத்தையும் பிரிக்காமல் ஒரே தொகையாகக் கொடுத்தது. கீழ் ஒப்பந்தக்காரர்களின் பில்லைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைப் பயன்படுத்தாதது. சாதாரண அம்பத்தூர் கம்பெனிகூட இவ்வளவு அசட்டையாக இருக்காது. தமிழச்சி என்ற முறையில் தெரிவது வேறு. அந்த அரசின் கஜானாவில் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்கள் கட்டிய வரியும் சேர்ந்ததுதான். அவர்களுக்கு நேர்ந்ததை மறைக்க அவர்கள் காசையும் எடுத்தார்கள்; அதையும் ஒருவர் சுருட்டிக்கொண்டார். இதெல்லாம் நமக்குத் தெரியவந்ததற்கு ஒரு காரணம், 1938-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம்.

உள்நாட்டுக் கிளையன்ட்டுகளுக்கு அப்படி எந்தச் சட்டமும் வரவில்லை. 1949-இல் அமெரிக்காவின் கிழக்கு ரயில்வே கம்பெனிகள், வளர்ந்துவரும் லாரித் தொழிலை மடக்க, அதே கார்ல் பைர் ஏஜென்சியைத்தான் பிடித்தன. பொதுமக்கள் அமைப்புகள் தாங்களாக எழுப்பிய குரல் போலவே லாரிகளுக்கு எதிரான கட்டுரைகளும் தீர்மானங்களும் வந்தன. பென்சில்வேனியாவில் அதிகப் பாரம் ஏற்ற லாரிகளுக்கு அனுமதி தரும் மசோதாவை ஆளுநர் தள்ளுபடி செய்தார். லாரி முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. இப்படி வேஷம் போட்டுப் பேசுவது நேர்மையாகாதுதான், ஆனால் அரசிடம் முறையிடுவதை ஏகபோகத் தடைச் சட்டத்தால் தண்டிக்க முடியாது என்றார் நீதிபதி ஹ்யூகோ பிளாக். பெயரை மறைப்பது அசிங்கம், ஆனால் குற்றமில்லை. அன்றிலிருந்து அமெரிக்க ஏஜென்சிகள் சாய்ந்து உட்கார்ந்த தலையணை அந்தத் தீர்ப்பு.

அடுத்தது ரகசியக் காப்பு ஷரத்து. 1954 ஜனவரி 4 அன்று 400-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகளில் சிகரெட் கம்பெனிகளின் முழுப்பக்க அறிக்கை வந்தது. மக்கள் உடல்நலமே எங்களுக்கு முக்கியம், ஆராய்ச்சிக்குக் குழு அமைக்கிறோம் என்றது. அதன் பின்னால் இருந்தது ஹில் அண்ட் நோல்டன் ஏஜென்சி. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் அந்த ஆராய்ச்சிக் குழுவின் அலுவலகமே ஏஜென்சிக்கு ஒரு மாடி கீழே இருந்தது. அந்த ஷரத்து இதையெல்லாம் நாற்பது வருடம் மூடிவைத்திருந்தது. 1990-களின் வழக்குகளில் பல லட்சம் பக்கங்கள் வெளியே வந்து விழுந்தன. 'சட்டப்படி வெளியிட வேண்டிய நிலை தவிர' என்று ரகசிய ஷரத்தில் ஐந்து வார்த்தை இருக்குமே, அதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

பெல் பாட்டிங்கரின் முடிவு, கடைசியில் வரும் விலகல் ஷரத்தைத் திருத்தியது. 2016 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் குப்தா சகோதரர்களின் ஓக்பே நிறுவனத்தோடு மாதம் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம். குப்தாக்கள் மீதிருந்த ஊழல் புகாரைத் திசைதிருப்ப, இனப் பகையைத் தூண்டும் பிரசாரம், போலிக் கணக்குகள் வரை போனது. 2017 செப்டம்பரில் பிரிட்டிஷ் பி.ஆர். சங்கம் அந்த ஏஜென்சியை ஐந்து வருடத்துக்கு வெளியேற்றியது. கிளையன்ட்டுகள் ஓடினார்கள். ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் கம்பெனியே திவால். அதுவரை, கிளையன்ட்டின் பெயர் கெட்டால் ஏஜென்சி விலகலாம் என்பதுதான் ஒப்பந்தங்களில் வழக்கமாகப் பார்த்தது. அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்தவற்றில், ஏஜென்சியின் பெயர் கெட்டால் நோட்டீஸ் காலம் இல்லாமல் கிளையன்ட் விலகலாம் என்ற எதிர்ப்பத்தியும் சேர்ந்துகொண்டது.

இவ்வளவும் படித்த பிறகு நம் ஊர் சினிமா சுவரொட்டியைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைச் சொல்வார்கள், 1958-இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்கு அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த வழியில் வந்தவர்களின் பெயர் இன்றும் போஸ்டரில், டைட்டில் கார்டில், 'மக்கள் தொடர்பு' என்று ஊரறிய வருகிறது. எனக்குத் தெரிந்த சினிமா பி.ஆர்.ஓ.க்களில் பலர் முத்திரைத்தாளையே கண்டதில்லை. சம்பளம் வாய்ப்பேச்சு, அதில் பாதி ரிலீஸுக்குப் பிறகும் பாக்கி. ஆனால் யார் எந்தப் படத்துக்கு வேலை செய்கிறார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. நூறு பக்க ஒப்பந்தம் போடும் கார்ப்பரேட் உலகத்தில் பணம் பத்திரம், பெயர்தான் காணாமல் போகும். இங்கே தலைகீழ். பிரஸ் மீட்டில் கவர் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றிச் சினிமாக்காரர்களைக் குறை சொல்லலாம். ஒளிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

இப்போது பி.ஆர். பணத்தில் ஒரு பங்கு இன்ஃப்ளூயன்சர்களிடம் போகிறது. 2021-இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், காசு வாங்கிப் போடும் பதிவில் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என விதி வகுத்தது. ஏஜென்சி வரவைக்கும் பத்திரிகைச் செய்திக்கு இல்லாத கட்டுப்பாடு ரீல்ஸுக்கு முதலில் வந்திருக்கிறது.

நான் ஓய்வு பெறும் காலத்தில், எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன்: இந்த வேலையில் உருவாகும் எதுவும் கம்பெனியின் பெயரோ ஏஜென்சியின் பெயரோ இல்லாமல் வெளியே போகக்கூடாது. வந்த இளைஞர் கெட்டிக்காரர். தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், அப்படிப் போட்டா அப்புறம் எங்களை எதுக்கு எடுக்கறீங்க? விளம்பரமே கொடுத்துடலாமே?" அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாஸ்டன் பீரோவிலிருந்து பெல் பாட்டிங்கர் வரை யாரும் இவ்வளவு பச்சையாக உண்மையைச் சொன்னதில்லை.

ஆகவே ஏஜென்சி அமர்த்தப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. கொட்டேஷன் கேட்கும்போது இரண்டாகக் கேளுங்கள். எல்லாம் எங்கள் பெயரில் போனால் மாதம் எவ்வளவு? எங்கள் பெயர் தெரியாமல் போக வேண்டுமென்றால் எவ்வளவு? இரண்டாவது தொகை கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் எழுத்துக்கும் இல்லை, அலைச்சலுக்கும் இல்லை. படிக்கிறவரை ஏமாற்றுவதற்கான கூலி. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கொடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் அதைத் தனி வரியாக எழுதிவிடுங்கள். என்றைக்காவது ஒரு விசாரணைக் கமிஷன் அந்தத் தாளைப் படிக்க நேர்ந்தால், எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று தேடுகிற சிரமம் அவர்களுக்கு இருக்காது.